ஒரு மாத்திரைக்கு ஒரு மடிப்பு: வீட்டிலேயே ஓர் உயிரெழுத்துப் படப்புத்தகம்

அண்ணன் மகளுக்கு நாலு வயது. அவளுக்காக நான் செய்த முதல் எழுத்துப் புத்தகத்தில் ‘இ’ பக்கத்துக்கு இறால் வரைந்திருந்தேன். கடலூர் முதுநகரில் வளர்கிற பிள்ளை. தினமும் கூடையில் பார்க்கிற சங்கதி. மீசையெல்லாம் வைத்து எனக்கே ஆச்சரியமாக நன்றாக வந்திருந்தது. படத்தை மறைக்க ஒட்டியிருந்த தாள் மூடியைத் திறந்தவள், “அத்தை, எறா!” என்று கத்தினாள். “இறால்” என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு மறுபடியும் “எறா” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நம் ஊரில் யார் வாயிலும் அது எறாதான். படத்தைப் பார்த்ததும் குழந்தை வாயில் ‘எ’ வருகிறது, பக்கத்தில் ‘இ’ இருக்கிறது. பிறகு எழுத்து எப்படி மனதில் ஒட்டும்? அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு இரண்டாவதாகச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம். என் எறும்பைப் பார்த்து அண்ணன் “இது லாரியா?” என்று கேட்டான்.

வாங்க வேண்டியவை

120 முதல் 150 ஜி.எஸ்.எம். தடிமனுள்ள ஏ4 தாள் 4. மூடிகளுக்குச் சாதாரண ஜெராக்ஸ் தாள் பத்துப் பன்னிரண்டு. மெழுகு பென்சில், கத்தரி, ஸ்கேல், தையல் ஊசி, கெட்டியான பருத்தி நூல். இவ்வளவுதான். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் எஸ்.வி. படேல் சாலையில் இருக்கும் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்கூடத்துத் தாளை வாங்கி மேலட்டை போடலாம், அழகாக இருக்கும். உள்பக்கத்துக்கு வேண்டாம். அவ்வளவு அழகான தாளில் பிள்ளை கிறுக்கும்போது நமக்கு மனசு கேட்காது.

ஸ்டேப்ளர் அடித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று தோன்றும். கடலோர ஊரில் அது ஆகாது. உப்புக்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளில் கறையேறும், விரலையும் குத்தும். நூல் தையலே நல்லது.

பசை வீட்டிலேயே காய்ச்சுங்கள். ஒரு ஸ்பூன் மைதாவுக்கு ஐந்து ஸ்பூன் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டி ஆறவிடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் செய்பவர்களின் பழைய வழக்கம். மயில்துத்தம் விஷம். நாலு வயசுப் பிள்ளை புத்தகத்தைப் படிப்பதற்கு முன் கடித்துப் பார்க்கும். அதனால் வெறும் மைதாவே போதும், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

முதலில் பக்க எண்

தமிழில் எழுத்து 247 என்று பயமுறுத்துவார்கள். நமக்கு வேண்டியது உயிர் 12, ஆய்தம் ஒன்று. நாலு ஏ4 தாளை அடுக்கிக் குறுக்கே இரண்டாக மடித்தால் 16 பக்கம் வரும். வேறு எதுவும் செய்வதற்கு முன், மடித்தபடியே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். நான் இதைச் செய்யாமல், விரித்த தாளில் அ, ஆ இரண்டையும் அக்கம்பக்கமாக வரைந்துவிட்டேன். மடித்து அடுக்கினால் அ ஓரிடத்தில், ஆ வேறெங்கோ! விரித்த தாளில் 4ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது 5 அல்ல, 13.

எழுத்துகளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். 1ஆம் பக்கம் மேலட்டை. 2, 3இல் அ, ஆ. 4, 5இல் இ, ஈ. 6, 7இல் உ, ஊ. 8, 9இல் எ, ஏ. 10, 11 இரண்டும் ஐ ஒருத்திக்கே. 12, 13இல் ஒ, ஓ. 14 ஔ, 15 ஃ, 16 பின்னட்டை. புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் குறில், வலப்பக்கம் நெடில். ஐ-க்குக் குறில் ஜோடி இல்லை என்பதால் இரண்டு பக்கத்தையும் அவளே எடுத்துக்கொள்கிறாள். கணக்கு இவ்வளவு கச்சிதமாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சொல் தேர்வு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

படம் வரைய ஒரு மாலை போதும். சொற்களைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

கடையில் கிடைக்கும் புத்தகங்களில் வழக்கமாக இ-க்கு இலை, உ-க்கு உரல் இருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் இலை எலை ஆகிறது. உரல் ஒரல், இடம் எடம், உலக்கை ஒலக்கை. சொல் இ அல்லது உ-வில் தொடங்கி, அடுத்த எழுத்தில் அ, ஆ, ஐ ஓசை இருந்தால் பேச்சில் முதல் எழுத்து எ, ஒ பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாம் எழுத்து ஒற்றாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும்: இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல். ஆகவே ஒரு சோதனை. சொல்லை எழுதிக் காட்டாமல், பொருளையோ படத்தையோ குழந்தையிடம் காட்டி “இது என்ன?” என்று கேளுங்கள். அவள் வாயிலிருந்து வரும் முதல் ஒலி உங்களுக்கு வேண்டிய எழுத்தா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு அழகான சொல்லானாலும்.

என் பட்டியல் இது. அ-க்கு அலை, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அவள் காலை நனைக்கும் அலை. ஆ-க்கு ஆமை, முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை. இ-க்கு இட்லி. ஈ-க்கு ஈதான், ஆனால் சும்மா உட்காரவில்லை, பண்ருட்டிப் பலாச்சுளைமேல் உட்கார்ந்திருக்கிறது. உ-க்கு முதலில் உப்பு என்று நினைத்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளை உப்பை எப்படி வரைவது? உண்டியலுக்கு மாறினேன். ஊ-க்கு ஊஞ்சல், பின்னால் புதுச்சேரி ஆயி மண்டபத்தின் வளைவுகளை இழுத்துவிட்டேன். எ-க்கு அந்த லாரி எறும்பு. ஏ-க்கு ஏணி. ஒ-க்கு ஒட்டகம் வேண்டாம், அவள் பார்த்ததே இல்லை. அவள் பாட்டி தினமும் திட்டிக்கொண்டே அடிக்கும் ஒட்டடை இருக்கிறதே! ஓ-க்கு ஓணான். எறாவை இ, எ இரண்டு பக்கத்திலும் சேர்க்கவில்லை. நாளைக்குப் பள்ளியில் ‘இறால்’ என்றுதான் எழுதச் சொல்வார்கள், இப்போதே ஏன் வம்பு.

ஐ, ஔ, ஃ மூன்றும்தான் தொல்லை. ஐ-க்கு ஐந்து விரல் வரைந்தேன், அவள் “அஞ்சு” என்றாள். கடைசியில் ஐஸ். துறைமுகத்தில் மீன் பெட்டிகளோடு நிற்கும் ஐஸ் வண்டியை இரண்டு பக்கத்துக்கும் நீட்டி வரைந்தேன். தமிழ்ச் சொல் இல்லையே என்று என் அப்பா முகம் சுளித்தார். குழந்தை வாயில் ஐ ஒலியோடு தொடங்கும் வேறு பொருளைக் காட்டுங்கள் என்றேன். யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

ஔ-க்கு ஔவைப் பாட்டியை விட்டால் வேறு கதியில்லை. ஔடதம் என்று எந்த வீட்டில் மருந்து கேட்கிறார்கள்? பேச்சில் அவ்வை என்று வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பெரியார் ஐ, ஔ இரண்டு எழுத்துக்கும் பதிலாக அய், அவ் என்று எழுதச் சொன்னார். 1978இல் அரசு அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றபோதும் ஐ, ஔ அப்படியே நின்றுவிட்டன. நான்கு வயசுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால் அவர் பக்கம் நியாயம் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஔ எழுதும்போது பக்கத்தில் வரும் குறியைச் சின்னதாக, ஒட்டி எழுதுங்கள். பெரிதாக எழுதினால் ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகப் படிப்பார்கள்.

ஃ-க்கு எஃகு எதற்கு? ஃபேன் வரைந்தேன். மூன்று இறக்கை, மூன்று புள்ளி. இலக்கணப்படி இது பழைய ஆய்த ஒலி இல்லை என்று எனக்கும் தெரியும்.

மூடிகள்

புத்தகத்தின் விளையாட்டே இதில்தான் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஆய்தத்துக்கு அரை. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்பார்கள். குழந்தைக்கு இதைச் சொல்லி விளக்க முடியாது, கையால் காட்டலாம். குறில் மூடி ஒரு மடிப்பில் திறக்கும், நெடில் மூடி இரண்டு மடிப்பில்.

ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. சதுரத்தில் படத்தை வரைந்து, அதன் கீழே சொல்லை எழுதுங்கள். குறிலுக்கு ஜெராக்ஸ் தாளில் 11 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள துண்டு வெட்டுங்கள். ஒரு ஓரத்தில் 1 செ.மீ. மடித்து, அந்த ஓரத்தை மட்டும் படத்தின் இடது விளிம்பில் ஒட்டினால் கதவு போலத் திறக்கும். மூடியின் மேலே பெரிதாக எழுத்து.

நெடிலுக்கு 21 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். 1 செ.மீ. பசை ஓரம் போக மீதி 20ஐ நடுவில் மடித்தால் மூடியிருக்கும்போது குறில் மூடி அளவில்தான் இருக்கும். முதல் இழுப்பில் மேல்மடிப்பு வலப்பக்கம் நீண்டு புத்தகத்தை விட்டே வெளியே போகும். உள்ளே தெரியும் இடத்தில் ஒரு துப்பு வரையுங்கள். ஆமைக்கு நான் வரைந்தது மணலில் துடுப்புக்கால் தடம். இரண்டாவது இழுப்பில் முழு மூடியும் திறந்து ஆமை வரும். ஏணிக்கு மட்டும் பசை ஓரத்தை அடியில் வைத்து ஒட்டினேன். மேல்நோக்கி விரித்தால் ஏணி வளர்ந்துகொண்டே போகும். அந்தப் பக்கத்துக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை.

ஐ, ஔ இரண்டுக்கும் நெடில் மூடி. ஃ-க்கு 5 செ.மீ.யில் ஒரு குட்டி மூடி.

தையல்

இவ்வளவு மூடி ஒட்டினால் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்கு ஒரு தந்திரம்: 2 செ.மீ. அகலம், 21 செ.மீ. நீளமுள்ள பட்டைகள் நாலு வெட்டி, நீளவாக்கில் மடித்து, தாள்களின் மடிப்புக்குள் ஒவ்வொன்றாகச் சொருகிச் சேர்த்துத் தையுங்கள். முதுகு கனத்தால் வாய் மூடும்.

மடிப்புக்கோட்டில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போங்கள், மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே. உள்ளே நீளமாக ஓடும் நூலின் இரு பக்கமும் இரு முனைகள் இருக்கும்படி இழுத்து முடிச்சுப் போடுங்கள். நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிடுங்கள். ஐஸ் வண்டியைத் தைத்த பிறகு வரைவது நல்லது. 10ஆம் பக்கமும் 11ஆம் பக்கமும் வேறு வேறு தாள், முன்பே வரைந்தால் சக்கரம் ஓரிடத்தில், வண்டி ஓரிடத்தில் நிற்கும்.

படிக்கும்போது

மூடியை நீங்கள் திறக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். ‘அ’ என்றால் ஒரு சொடுக்கு, ஒரு திறப்பு. ‘ஆ…’ என்றால் இரண்டு சொடுக்கு, இரண்டு திறப்பு. என் அம்மா ஆர்வத்தில் “ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா” என்று ஆரம்பித்துவிட்டார். நானும் அப்படித்தான் படித்தேன், ஆனால் கவனித்தீர்களா, அந்தப் பெயர்களில் குறிலான அ-வின் பெயரே ‘ஆ’வில் தொடங்குகிறது. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று நாம் கட்டிய வித்தியாசம் அங்கே கலைந்துவிடும். பெயர்கள் பிறகு வரட்டும், இப்போது ஒலி மட்டும்.

மூடிகள் கிழியும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இந்த ஈரக்காற்றில் பிசுபிசுத்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மூடிகள் வெட்டும்போதே இரண்டு அளவிலும் ஐந்தாறு கூடுதலாக வெட்டி, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டுப் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் முதலில் கிழிந்தது ஈ. அடிக்கப் போனாளாம்.