மலாயா எப்படிப் பேசி விடுதலை வாங்கியது: திண்ணையில் நடத்தும் ஒரு பாடம்

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலாயா (இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதி) என்பது புதுப் பெயர் இல்லை. ஐயாவோ, ஐயாவின் ஐயாவோ கொண்டு விக்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர். வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் இருக்கும், பரண்மேல் மங்குச் சாமான் இருக்கும். ஆனால் அந்த நாடு எப்படி விடுதலை பெற்றது என்று கேட்டால் பதில் வராது. நான் வார இறுதியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்தைச் சில முறை நடத்திப் பார்த்து, தப்புகளைத் திருத்தி வைத்திருக்கிறேன். முதல் முறை நடத்தப் போகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். இரண்டு மணி நேரம், கொஞ்சம் அட்டைகள், ஒரு சாக்பீஸ் போதும்.

முதல் படி: வீட்டிலிருந்து தொடங்குங்கள்

முந்தின வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று எங்காவது எழுதியிருக்கும் ஒரு பொருளையோ, வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு செய்தியையோ கொண்டு வர வேண்டும். பழைய கடிதம், கணக்கு ஏடு, கப்பல் டிக்கெட் எது கிடைத்தாலும் சரி. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஓடிய ரஜூலா கப்பலில் போன கதை சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அவற்றைத் திண்ணையில் பரப்பி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தியர் என்று அங்கே போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியா போனார்கள்?" வட்டிக்கடை ஏஜெண்டாகப் போனவர் மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்புவார். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்ப்பவர்) கூட்டிப் போன தோட்டத் தொழிலாளி பால்மரம் (ரப்பர்) வெட்டி அங்கேயே பிள்ளை பெற்று அங்கேயே இருந்துவிடுவார். இருவரும் தமிழர்தான், ஆனால் குடியுரிமை என்ற பேச்சு வரும்போது இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. இந்த வேறுபாடு பிள்ளைகள் மனதில் ஏறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடனுக்கு ஈடு வைத்த மலாய்க் குடியானவர்களின் நிலம் வெளியார் கைக்குப் போகிறது என்ற கவலையில்தான் 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. அந்த வெளியாரில் நம் ஊர் வட்டிக்கடைகளும் உண்டு. மலாய்க்காரர்களின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பது இங்கிருந்தே புரிய ஆரம்பிக்கும்.

இரண்டாம் படி: தேதிகளைச் சுவரில் ஒட்டுங்கள்

இதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆறு அட்டைகள் போதும்.

1946 ஏப்ரல்: பிரிட்டன் "மலாயன் யூனியன்" கொண்டு வருகிறது. சுல்தான்களின் அதிகாரம் போகிறது, மற்றவர்களுக்குக் குடியுரிமை எளிதாகிறது. மலாய்க்காரர்கள் தொப்பியில் வெள்ளைத் துணி கட்டித் துக்கம் காட்டுகிறார்கள். அடுத்த மாதமே மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறக்கிறது. ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ்.
1948: யூனியன் கைவிடப்பட்டு மலாயாக் கூட்டரசு வருகிறது. அதே வருடம் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியும் அவசர நிலையும்.
1949: மலாயா சீனர் சங்கம்.
1952: கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் சீனர் சங்கமும் கைகோத்து 12-இல் 9 இடம் பிடிக்கின்றன.
1955 ஜூலை: இந்தியர் காங்கிரஸும் சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வெல்கிறது.
1957 ஆகஸ்ட் 31: விடுதலை. "மெர்டேக்கா!" (விடுதலை) என்று அம்னோ தலைவரும் முதல் பிரதமருமான துங்கு அப்துல் ரகுமான் ஏழு முறை குரல் கொடுத்தார். வகுப்பும் ஏழு முறை கத்தட்டும், தெருவுக்கே கேட்கட்டும்.

மூன்றாம் படி: ஆட்களைப் பிரிப்பது

நான் முதல் முறை தப்பு செய்தது இங்கேதான். வகுப்பை "மலாய், சீனர், இந்தியர்" என்று மூன்றாக வெட்டினேன். பத்தே நிமிடத்தில் "நீங்க வந்தேறிங்க", "நீங்க சோம்பேறிங்க" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று பாடத்தைப் பாதியில் நிறுத்தினேன். இனத்தின் பெயரை மட்டும் கையில் கொடுத்தால் வசைதான் வரும். பொறுப்பைக் கொடுத்தால் பேச்சு வரும். அதற்கப்புறம் இப்படித்தான் பிரிக்கிறேன்.

24 பிள்ளைகள் என்றால்: பிரிட்டிஷ் அரசு 3, சுல்தான்களின் பிரதிநிதிகள் 4, அம்னோ 5, சீனர் சங்கம் 5, இந்தியர் காங்கிரஸ் 3. இவர்கள் திண்ணைமேல். மீதி நாலு பேர் திண்ணைக்குக் கீழே, வாசலில் நிற்க வேண்டும்: ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண், காட்டுக்குள் இருக்கும் ஒரு கம்யூனிஸ்ட், ஒராங் அஸ்லி என்னும் பழங்குடி ஒருவர், ஊர் திரும்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யாத ஒரு வட்டிக்கடை ஏஜெண்ட். இவர்கள் எல்லாவற்றையும் கேட்கலாம், பேசக் கூடாது. யாரை அங்கே நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். வகுப்பில் நன்றாக வாதாடும் பிள்ளைகளையே நான் நிறுத்துவேன். பேச வாயிருந்தும் பேச முடியாமல் நிற்பது என்னவென்று அவர்களுக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

ஒவ்வொரு குழுவின் அட்டையிலும் மூன்று வரி: எது வேண்டும், எதற்குப் பயம், எதை விட்டுக்கொடுக்கலாம். அம்னோவுக்குச் சீக்கிரம் விடுதலை வேண்டும், சொந்த மண்ணில் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று பயம். 1957 கணக்கெடுப்பில் மலாய்க்காரர் ஏறத்தாழப் பாதி, சீனர் 37 சதவீதம், இந்தியர் 11 சதவீதம் என்பதை அட்டையிலேயே எழுதுங்கள். சீனர் சங்கத்துக்குக் குடியுரிமை வேண்டும். பிரிட்டனுக்கு ஒரு கவலை: கம்யூனிஸ்டுகள் ஒரு பக்கம் சண்டை போடும்போது, இன ஒற்றுமை இல்லாமல் எப்படிக் கிளம்புவது?

நான்காம் படி: ஒரு கணக்கு

பேச்சு தொடங்குமுன் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். 1955 தேர்தலில் வாக்காளர்களில் ஏறத்தாழ 84 சதவீதம் மலாய்க்காரர்கள். மற்றவர்களில் பலருக்குக் குடியுரிமையே கிடையாது. அப்படியிருக்க, கூட்டணி 52 இடங்களை எப்படிப் பங்கு போட்டிருக்கும்? பிள்ளைகள் 44, 6, 2 என்ற மாதிரி எழுதுவார்கள். உண்மையில் அம்னோ 35, சீனர் சங்கம் 15, இந்தியர் காங்கிரஸ் 2. ஏன் துங்கு இவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஒன்றாக வந்து நின்றால்தான் லண்டன் கதவைத் திறக்கும் என்பதை யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: பேச்சுவார்த்தை

மூன்று சுற்று. ஒவ்வொன்றும் 15 நிமிடம்.

முதல் சுற்று குடியுரிமை. இதுதான் பாடத்தின் உயிர், நேரம் நீண்டாலும் விடுங்கள். மண்ணில் பிறந்தாலே குடியுரிமையா? ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு என்ன நிபந்தனை? பிள்ளைகள் முடிவுக்கு வந்தபின் நடந்ததைச் சொல்லுங்கள்: விடுதலை நாளிலிருந்து அங்கே பிறக்கிறவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்கு முன் அங்கே பிறந்து 18 வயது ஆனவர், கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருடம் இருந்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். வெளியில் பிறந்தவருக்குப் பன்னிரண்டில் எட்டு வருடம். கொஞ்சம் மலாய் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் முதல் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த மொழி நிபந்தனை தளர்த்தப்பட்டது.

இரண்டாம் சுற்று மொழி. மலாய் தேசிய மொழி, ஆங்கிலம் இன்னும் பத்து வருடம் ஆட்சிமொழி என்று முடிந்தது. சட்டமன்றத்தில் சீன, இந்திய மொழிகளிலும் கொஞ்ச காலம் பேச இடம் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டம் வகுத்த ரீட் குழு சொல்லியிருந்தது. அது இறுதிச் சட்டத்தில் இடம் பெறவில்லை. தமிழும் அதில் அடக்கம் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாம் சுற்று மலாய்க்காரர்களின் தனி உரிமைகள். 15 வருடம் கழித்து இதை மறுபடி பார்க்கலாம் என்றது ரீட் குழு. காலவரம்பு நீக்கப்பட்டு அரசியல் சட்டத்தின் 153-ஆம் பிரிவாக நின்றது. அந்தக் குழுவில் ஐந்து பேர், ஒருவர்கூட மலாயாக்காரர் இல்லை. பிரிட்டன் இருவர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஒவ்வொருவர். இது நல்லதா கெட்டதா என்று வகுப்பு வாதாடட்டும், எனக்கே இன்னும் முடிவான கருத்து இல்லை.

சுல்தான்களுக்கு என்ன ஆயிற்று என்று கட்டாயம் கேட்பார்கள். ஒன்பது பேரும் முறை வைத்து, ஐந்தைந்து வருடம் மாமன்னராக இருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் காரியங்களை முறை வைத்துப் பார்ப்பதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: வாசலில் நிற்பவர்களைக் கூப்பிடுங்கள்

இப்போது அந்த நாலு பேரும் மேலே ஏறட்டும், மற்றவர்கள் வாயை மூடட்டும். ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "இந்த ஒப்பந்தத்தில் உனக்கு என்ன இருக்கிறது?"

கம்யூனிஸ்டாக நிற்கும் பிள்ளைக்கு 1955 டிசம்பர் பாலிங் சந்திப்பைப் பற்றி முன்பே ஒரு சீட்டு கொடுங்கள். துங்குவும் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக்கும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கை நேரில் பார்த்துப் பேசினார்கள், கட்சியை அங்கீகரிக்க முடியாது என்றதும் இரண்டு நாளில் பேச்சு முறிந்தது. தொழிலாளிப் பெண்ணுக்குச் சீட்டு வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாமல், பிறப்புச் சான்று இல்லாமல், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும் என்றால் யாரிடம் போவாய் என்று மட்டும் கேளுங்கள். போன முறை அந்த இடத்தில் நின்ற பெண், "கங்காணிகிட்டதான் டீச்சர் போகணும்" என்றாள். ஏஜெண்டாக நின்ற பையன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த வாரம் அதே அட்டைகளை மாற்றிக் கொடுங்கள். திண்ணைமேல் இருந்தவர்களில் நாலு பேர் வாசலுக்கு.