போர்பன், லெமன், எல்டர்ஃப்ளவர்: 6-2-2-1 கணக்கு

போர்பன் விஸ்கி வெச்சு ஒரு நல்ல காக்டெயில் போடணும், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பூ வாசம், ஆனா சோப்புத்தண்ணி மாதிரியும் இருக்கக்கூடாது ஜூஸ் மாதிரியும் இருக்கக்கூடாதுன்னா முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. பூ லிக்கர்ல, அதாவது பூ வாசம் ஏத்தின இனிப்பு மதுல, நாம நினைக்கிற அளவுக்கு இனிப்பு இல்ல, ஆனா வாசம் நாம நினைக்கிறத விட ஜாஸ்தி. பாதிப் பேரு சொதப்புறது இங்கதான். புளிப்பா இருக்கேன்னு லிக்கரையே இன்னும் ஊத்துவாங்க, புளிப்பு கொஞ்சம் அடங்கும், அதுக்குள்ள விஸ்கி காணாமப் போயிடும். கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிச்சா சந்தோஷம், சொம்போட தலையில கவுத்தா யாருக்குப் பிடிக்கும்?

அளவு இது. போர்பன் 60 மில்லி, லெமன் ஜூஸ் 20, எல்டர்ஃப்ளவர் (ஐரோப்பால பூக்கற ஒரு வெள்ளைப் பூ) லிக்கர் 20, சுகர் சிரப் 10. ஆறு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணுன்னு ஞாபகம் வெச்சுக்கலாம். சிரப்புக்கு சர்க்கரையும் தண்ணியும் சம அளவு போட்டு கரையிற வரைக்கும் கலக்கினா போதும், அடுப்புகூட தேவையில்ல, வெந்நீர் ஊத்தினா சீக்கிரம் கரையும். ஜிக்கர், அதாவது மது அளக்கற குட்டிக் கப், இல்லாதவங்க டீஸ்பூன்ல அளங்க, ஒரு டீஸ்பூன் 5 மில்லி. கண்ணளவுல மட்டும் ஊத்தாதீங்க, ரசத்துக்கு அது சரி, இதுல 5 மில்லி லெமன் கூடினாலே டேஸ்ட் மாறிடும்.

இனி ஒவ்வொண்ணா. போர்பன்னா அமெரிக்க விஸ்கி, குறைஞ்சது 51% மக்காச்சோளம், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்லதான் வைக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. அதனாலதான் அதுல வெனிலா, கேரமல் மாதிரி ஒரு வாசம் தானாவே இருக்கு, லெமனோட அது நல்லா ஒத்துப்போகும். பாட்டில் வாங்கும்போது பிராண்ட விட ஆல்கஹால் சதவீதத்தப் பாருங்க. சட்டப்படி 40% இருந்தா போதும், ஆனா ஐஸ்ல குலுக்கி ஜூஸ் எல்லாம் சேர்ந்தப்புறம் 40% போர்பன் நீர்த்துப்போய் நிக்கும், 45லேர்ந்து 50 வரைக்கும் இருக்கறது பெட்டர். பஃபலோ ட்ரேஸ் 45, வைல்ட் டர்கி 101னா 50.5. மேக்கர்ஸ் மார்க்ல ரை தானியத்துக்கு பதிலா கோதுமை, அதனால காரம் கம்மி, பூ வாசத்துக்கு இடம் விடும், எனக்கு இந்த டிரிங்குக்கு அதுதான் முதல் சாய்ஸ். 2013ல அவங்க ஸ்டாக் பத்தலன்னு 45ஐ 42 ஆக்கப் போறோம்னு அறிவிச்சாங்க, குடிக்கறவங்க போட்ட சத்தத்துல சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. மூணு சதவீதத்துக்கு அவ்ளோ மதிப்பு. ரொம்ப விலை உயர்ந்த, பல வருஷம் பீப்பாய்ல இருந்த போர்பன இதுல ஊத்தாதீங்க, அத சும்மா குடிங்க.

பூ லிக்கர்னா பெரும்பாலும் செயின்ட் ஜெர்மெய்ன்தான் கையில வரும். பிரான்ஸ்ல எல்டர்ஃப்ளவர்லேர்ந்து செய்யறது, 20% ஆல்கஹால், 2007ல ராபர்ட் கூப்பர்ங்கிற அமெரிக்கர் கொண்டுவந்தார், கொஞ்ச நாள்ல பார்ல எந்த டிரிங்க்லயும் இத ஊத்த ஆரம்பிச்சு, 'பார்டெண்டர்களோட கெட்சப்'னு கிண்டல் பண்ற அளவுக்குப் போச்சு. கிண்டல்ல நியாயம் இருக்கு, அதனாலதான் 20 மில்லிலயே நிறுத்தச் சொல்றேன். திறந்த பாட்டில வருஷக்கணக்கா வெச்சிருக்காதீங்க, நாளாக நாளாக நிறம் அடர்ந்து பூ வாசம் மங்கிடும். வயலட் லிக்கர் வெச்சும் சிலர் பண்றாங்க, ஜின்ல அது அழகு, போர்பன்ல எனக்கு டால்கம் பவுடர்தான். ஐகியால விக்கிற எல்டர்ஃப்ளவர் சிரப்ப போடலாமான்னா போடலாம், ஆனா அது ஆல்கஹால் இல்லாத முழு இனிப்பு, அப்போ சுகர் சிரப்ப அடியோட விட்டுட்டு இத மட்டும் 15 மில்லில ஆரம்பிங்க.

அடுத்தது புளிப்பு, இது நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்க ரெசிபில லெமன்னு இருக்கறது அந்தப் பெரிய, தடிச்ச தோலு மஞ்சப் பழம். நம்ம ஊர் எலுமிச்சை அத விட லைம்ங்கிற சின்ன பச்சைப் பழத்துக்குத்தான் நெருங்கின சொந்தம், வாசமும் சுருக்குனு இருக்கும், போர்பனோட ஓக் வாசத்தோட கொஞ்சம் முட்டும். மஞ்சப் பழம் கிடைக்கலன்னா நம்ம எலுமிச்சையே போடலாம், ஆனா 15 மில்லில ஆரம்பிச்சு டேஸ்ட் பார்த்து ஏத்துங்க. எதா இருந்தாலும் அன்னிக்கே பிழிஞ்ச ஜூஸ், பாட்டில் ஜூஸ் வேண்டவே வேண்டாம். பிழியும்போது தோல சக்கையா நசுக்கினா கசப்பு இறங்கும், விதையும் சதையும் போக டீ வடிகட்டில வடிச்சுக்கங்க.

கிரேப்ஃப்ரூட் எல்டர்ஃப்ளவரோட பிரமாதமா சேரும், 20 மில்லி சேர்த்துக்கலாம், ஆனா அதுல புளிப்பு கம்மி, அதனால லெமன எடுத்துட்டு அத மட்டும் போட்டா டிரிங்க் தட்டையா இருக்கும், ரெண்டும் வேணும். இன்னொண்ணு, வீட்டுக்கு வர்ற கெஸ்ட் யாராவது கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடறாங்கன்னா கிரேப்ஃப்ரூட்ட விட்டுடுங்க, சில ஸ்டாட்டின் மாத்திரைகளோட அளவ அது ரத்தத்துல ஏத்திவிடும்.

தேனா சர்க்கரையான்னு கேப்பீங்க. போர்பன், லெமன், தேன் மூணும் சேர்ந்தா அது கோல்ட் ரஷ், நியூயார்க்ல மில்க் அண்ட் ஹனிங்கிற பார்ல பிறந்த டிரிங்க், அருமையா இருக்கும். ஆனா தேனுக்குன்னு ஒரு பூ வாசம் இருக்கு, அது எல்டர்ஃப்ளவர ஏறி மிதிச்சிடும், அதனால இங்க வெறும் சர்க்கரைதான்.

லெமன் இருக்கறதால ஸ்டிர் பண்ணக்கூடாது, ஷேக்தான். ஷேக்கர் இல்லன்னா மூடி இறுக்கமா மூடுற அகல வாய் ஸ்டீல் டப்பா போதும். எல்லாத்தையும் ஊத்தி, ஃப்ரீசர்லேர்ந்து அப்பவே எடுத்த பெரிய ஐஸ் கட்டியால நிரப்புங்க, பக்கெட்ல உருகி ஈரமா கிடக்கற ஐஸ் வேண்டாம், அது குளிர வைக்கறதுக்கு முன்னாடியே தண்ணிய விட்டுடும். பன்னெண்டு பதினஞ்சு செகண்ட் நல்லா பலமா குலுக்குங்க. வெளிப்பக்கம் முதல்ல பனி பூக்கும், அப்புறம் விரல் ஒட்டுற மாதிரி குளிரும், ஐஸ் மோதுற சத்தமும் கணகணன்னு இருந்தது மாறி கொஞ்சம் மழுங்கும், அங்க நிறுத்துங்க. 110 மில்லி உள்ள போனது இப்போ 150 கிட்ட இருக்கும், அந்த உருகின தண்ணியும் ரெசிபில ஒரு பங்குதான், அது இல்லன்னா தொண்டையக் கிழிக்கும். ஃப்ரிட்ஜ்ல குளிர வெச்ச கிளாஸ்ல வடிங்க.

தோல மறக்காதீங்க. பீலர்ல லெமன் தோல நீளமா ஒரு சீவல், வெள்ளப் பகுதி வராம. மஞ்சப் பக்கம் டிரிங்க்க பார்க்கற மாதிரி பிடிச்சு ரெண்டு விரலால மடக்கினா எண்ணெய் தெறிக்கும், லைட்டுக்கு எதிரா பார்த்தா புகை மாதிரி தெரியும், மேல மெல்லிசா ஒரு படலம் மிதக்கும். பூ வாசம் மூக்குல முன்னாடி வர்றதுக்கு இது செய்யற உதவிய இன்னொரு 10 மில்லி லிக்கர் செய்யாது. முட்டை வெள்ளை போட்டா நுரை அழகா வரும், ஆனா வாசத்த மூடிடும், நான் போடறதில்ல.

சரி பண்றது எப்படின்னா, புளிப்பு தூக்கலா இருந்தா சிரப் ஒரு டீஸ்பூன், லிக்கர் இல்ல, சிரப். இனிச்சா லெமன் ஒரு டீஸ்பூன். செண்ட் வாசம் அடிச்சா அடுத்த ரவுண்டுல லிக்கர 15 ஆக்கி சிரப்ப கொஞ்சம் ஏத்துங்க. ரெண்டு துளி உப்புத்தண்ணி விட்டா கசப்பு அடங்கி எல்லாம் ஒண்ணு சேரும், துளின்னா துளிதான்.

குடிக்க ரொம்ப ஈசியா இருக்கும், அதுதான் ஆபத்து. 45% போர்பன்னா ஒரு கிளாஸ்ல சுமார் 24 கிராம் ஆல்கஹால், அமெரிக்க கணக்குல ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் 14 கிராம்தான். அதனால வண்டி எடுக்கறவங்களுக்கு கிளாஸ நீட்டாதீங்க.

எட்டு பேருக்கு மொத்தமா போடறதுன்னா போர்பன் 480, லெமன் 160, லிக்கர் 160, சிரப் 80, கூடவே தண்ணி 320 மில்லி, குலுக்கறதுக்கு பதிலாதான் இந்தத் தண்ணி. லெமன மட்டும் விட்டுட்டு மீதிய முந்தின நாளே கலந்து ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், ஜூஸ் அன்னிக்கு சாயங்காலம் பிழிஞ்சு சேர்த்து, ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா கலக்கிடுங்க, இல்லன்னா சிரப் அடியில தங்கிடும்.