மதம் சார்ந்த தொண்டுப் பணியை ரெஸ்யூமில் எழுதுவது எப்படி? புதிதாக வேலை தேடுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கோ கோவை சரவணம்பட்டியில் உள்ள மென்பொருள் நிறுவனத்துக்கோ முதன்முதலாக ரெஸ்யூம் தயாரிக்கும் பலருக்கு, படிப்புக்கும் கல்லூரி புராஜெக்டுக்கும் கீழே எழுத எதுவும் இருப்பதில்லை. ஆனால் அவர்களே தைப்பூசத்தின்போது அன்னதானப் பந்தலில் விடிய விடிய நின்றிருப்பார்கள். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி விநியோகத்தைக் கவனித்திருப்பார்கள். தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். இதையெல்லாம் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம் என்பேன். செய்த வேலை முன்னால் தெரிய வேண்டும் என்பதே நிபந்தனை.

படி 1: பக்தியையும் பணியையும் பிரித்துக்கொள்ளுங்கள்

இதுவரை செய்த அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழனிக்கு நடந்து சென்றது, காவடி எடுத்தது, பண்ணாரியில் குண்டம் இறங்கியது, கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தது ஆகியவை உங்கள் நம்பிக்கையைச் சார்ந்தவை, அவற்றை அடித்துவிடுங்கள். நடந்து வருவோருக்குக் குடிநீரும் முதலுதவியும் ஏற்பாடு செய்தது, தேரோட்டத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது, வசூல் கணக்கு எழுதியது, உழவாரப் பணிக்கு ஆள் திரட்டியது ஆகியவை பணி; அவை தாளில் இருக்கட்டும்.

படி 2: விண்ணப்பிக்கும் வேலையோடு பொருத்திப் பாருங்கள்

ஏற்றுமதி ஆர்டர்களை ஒருங்கிணைக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, பலரிடம் தொடர்ந்து பேசிக் குறித்த நாளுக்குள் காரியத்தை முடிக்கும் திறன் வேண்டும். பந்தல்காரர், சமையல்காரர், ஒலிபெருக்கிக்காரர் என மூவரையும் ஒரே நேரத்தில் கையாண்டவருக்கு அது ஓரளவு பழகியிருக்கும். கணக்கு உதவியாளர் வேலைக்கு வசூல் புத்தகமும் வரவு செலவு அறிக்கையும் பொருந்தும். எந்தத் தொடர்பும் தென்படவில்லையெனில் அந்த வரியை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அலுவலக அனுபவம் வந்துவிட்ட பிறகு இந்தப் பகுதியை ஒரே வரியாகச் சுருக்குவதே நல்லது.

படி 3: வரியை எழுதுங்கள்

பெரும்பாலானோர் எழுதுவது இப்படி இருக்கும்: “முருகப் பெருமானின் அருளால் ஆண்டுதோறும் பாதயாத்திரை பக்தர்களுக்குத் தொண்டு செய்து வருகிறேன்.” இதைப் படிக்கும் ஹெச்.ஆர். அலுவலருக்கு நீங்கள் பக்தர் என்பது புரியும். என்ன தெரிந்தவர் என்பது புரியாது. அதே செய்தியை, எடுத்துக்காட்டாக, இவ்வாறு மாற்றலாம்:

“பாதயாத்திரை அன்னதான முகாம், காங்கேயம்–தாராபுரம் சாலை. தன்னார்வலர், கொள்முதல் பொறுப்பு. அரிசி, காய்கறி கொள்முதலும் இருப்புப் பதிவேடும். 20 தன்னார்வலர்களுக்கு ஷிஃப்ட் அட்டவணை. முகாம் முடிவில் வரவு செலவு அறிக்கை.”

முதலில் நிகழ்வு, அடுத்துப் பொறுப்பு, பிறகு செய்த வேலைகள் என்பது வரிசை. ரெஸ்யூமை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டியதில்லை. எண்ணிக்கை சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஐந்து பேரை மேற்பார்வையிட்டவர் ஐம்பது பேர் என்று எழுதினால், அடுத்த கேள்வியிலேயே தடுமாற நேரும்.

படி 4: எந்தப் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

கொங்கு நாட்டில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். மதத்தைப் பொறுத்தவரை பெயரிலேயே அது பெரும்பாலும் தெரிந்துவிடுவதால், தொண்டு செய்த இடத்தை மறைத்துப் பெரிய பயன் இல்லை. சாதியின் நிலை வேறு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். ஆனால் பெயர் சொல்லாத அதைக் குலதெய்வக் கோயிலின் பெயர் சொல்லிவிடும். இன்ன ஊரின் இன்ன அம்மன் கோயில் திருப்பணிக் குழு என்று எழுதினால், உள்ளூர்க்காரரான மேலாளர் நீங்கள் சாதிக்குள் எந்தக் கூட்டம் (குலப் பிரிவு) என்பதுவரை கணித்துவிடுவார். அது சில சமயம் உங்களுக்குச் சாதகமாகவும் முடியலாம்; அத்தகைய சாதகத்தை நம்பி வேலைக்குச் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே பேரூர், மருதமலை, அவிநாசி, சென்னிமலை போல எல்லாரும் வந்துபோகும் கோயிலானால் பெயரை எழுதுங்கள். குலதெய்வக் கோயிலானால் “கிராமக் கோயில் திருவிழாக் குழு” என்று பொதுவாகக் குறித்தால் போதும். கல்யாண ஜாதகக் குறிப்பைப் பார்த்துத் தயாரித்த பழைய பயோடேட்டா மாதிரிகளில் மதம், சாதி, குலம் என்று தனி வரிகள் இருக்கும். அவற்றை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். மதமும் அரசியலும் கலந்த அமைப்பின் கீழ் பணி செய்திருந்தால், அமைப்பின் பெயரைத் தவிர்த்து நிகழ்வை மட்டும் எழுதுவது என் ஆலோசனை.

படி 5: நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

மதச் சார்புள்ள அறக்கட்டளை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது அதே மதத்தைச் சார்ந்த தொண்டுப் பணியை முழுப் பெயருடன் எழுதலாம். அங்கே அது தகுதியாகவே பார்க்கப்படக்கூடும். அரசு வேலையில் மதம், சாதி உள்ளிட்ட காரணங்களால் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 16(2) பிரிவு தடை செய்கிறது. தனியார் நிறுவனங்களை அந்தப் பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதால், அங்கே உங்கள் வரியின் சொற்களே உங்களுக்குப் பாதுகாப்பு. எனவே ரெஸ்யூமை இரண்டு வடிவங்களில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: சான்றையும் பதிலையும் தயாராக வைத்திருங்கள்

முகாம் பொறுப்பாளரிடமோ ஜமாஅத் செயலாளரிடமோ ஆயரிடமோ, நீங்கள் செய்த வேலையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அவர் தொலைபேசி எண்ணை நிறுவனத்திடம் கொடுக்குமுன் அனுமதி கேட்பது மரியாதை. நேர்காணலில் “ரொம்பப் பக்தியா?” என்று யாரேனும் சிரித்துக்கொண்டே கேட்டால், “ஆமாங்க. அந்த முகாமில் கொள்முதல் முழுக்க நான்தான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு, கடைசி நாளில் காய்கறி வண்டி வராதபோது என்ன செய்தீர்கள் என்பது போன்ற நடந்த நிகழ்ச்சி ஒன்றை இரண்டு நிமிடங்களுக்குள் விவரியுங்கள். அந்த நிகழ்ச்சியை வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.