கோவம் வந்தா அடங்க எவ்வளவு நேரம் எடுக்குது? கொப்பியில எழுதிப் பாருங்க

எங்கட வீட்டுல அப்பாவத்தான் எல்லாரும் கோவக்காரர் எண்டு சொல்லுவாங்க. கத்துவார், கல்லடிப் பாலம் வரைக்கும் கேக்கும், ஆனா பத்து நிமிசத்துல "தேத்தண்ணி இருக்கா புள்ள" எண்டு வந்து நிப்பார். அம்மா சத்தமே போடமாட்டா. ஆனா காலையில ஒரு சொல்லு பட்டுட்டா பின்னேரம் வரைக்கும் சோறு இறங்காது, ரெண்டு நாளைக்குப் பிறகும் அதையே நினைச்சுக்கொண்டு இருப்பா. இதுல ஆருக்குப் பாரம் கூட? எங்களுக்கு அது விளங்கவே கனகாலம் எடுத்துது, அதனாலதான் இத எழுதுறன்.

மனசு பொங்கிறத அளக்கிறண்டா மூண்டு விசயத்தப் பிரிச்சுப் பாக்கணும். எவ்வளவு லேசாப் பத்துது, எவ்வளவு உசரத்துக்கு ஏறுது, அடங்க எவ்வளவு நேரம் போகுது. ஆய்வாளர்மாரும் இப்பிடித்தான் பிரிக்கிறாங்க. 2008ல மேத்யூ நாக்கும் அவரோட ஆக்களும் செஞ்ச அளவுகோல்ல 21 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க்ஸ், மொத்தம் 84. பிறகு 2017ல அவுஸ்திரேலியாவுல பேர்த் நகரத்து ஆய்வாளர்கள் 30 கேள்வியில ஒண்டு கொண்டு வந்தாங்க, அதுல சந்தோசத்தையும் கவலையையும் தனித்தனியா அளக்கிறது. எனக்கு அதுதான் கூடப் பிடிச்சது, ஏனெண்டா நாங்க கவலைய மட்டும் எண்ணிக்கொண்டு இருக்கிறம், சந்தோசம் எவ்வளவு நேரம் நிக்குது எண்டு ஆரும் பாக்கிறதில்ல.

வீட்டுல செய்யிறது லேசு. ஒரு சீஆர் கொப்பி எடுங்க, 14 நாள். மனசு பொங்கின உடனே எழுதுங்க, ராவைக்கு எழுதுவம் எண்டு வச்சா அந்த நேரத்து மனநிலைதான் பகல் முழுக்கப் பூசின மாதிரி வரும். நேரம், என்ன நடந்தது, 0 தொடக்கம் 10க்குள்ள எவ்வளவு உசரம், பிறகு போன்ல ஸ்டொப்வொட்ச் போட்டு அது பாதியாக் குறைய எத்தின நிமிசம். நல்லதையும் எழுதுங்க, மகன் கட்டார்ல இருந்து கோல் எடுத்த சந்தோசம் கோல் வச்ச கையோட போச்சா இல்ல ராவைக்கும் இருந்துதா. இதோட காலையில, மத்தியானம், ராவைக்கு எண்டு மூண்டு அலாரம் வச்சு ஒண்டும் நடக்காட்டியும் அந்த நேரத்து மனச ஒரு நம்பரா எழுதுங்க, அது இல்லாட்டி ஏறினது எங்க இருந்து ஏறினது எண்டு தெரியாது.

எங்கட ஆக்கள்ட்ட "எவ்வளவு கவலை" எண்டு கேட்டா பதில் வராது, "நெஞ்சு பதறுது, கைகால் விறைக்குது" எண்டுதான் சொல்லுவாங்க. அப்ப உடம்பைக் கேளுங்க. மணிக்கட்டுல நாடிய 30 செக்கன் எண்ணி ரெண்டால பெருக்குங்க, பொங்கின உடனே ஒருக்கா, பத்து நிமிசம் கழிச்சு ஒருக்கா. முதல் ராவு நித்திரை இல்லையா, பசியோட இருந்தீங்களா, மாதவிடாய் நாளா, கடும் தேத்தண்ணி குடிச்சீங்களா எண்டதையும் பக்கத்துல குறிங்க, இதெல்லாம் நம்பர மாத்தும்.

கொப்பியப் பாக்கக்குள்ள அடுத்தவங்களோட ஒப்பிடாதீங்க, உங்கட முதல் கிழமைய ரெண்டாம் கிழமையோட பாருங்க. காலத்தையும் பாருங்க. மார்கழி மழையில கடல் இரைஞ்சா 2004 சுனாமிக்குப் பிறகு இஞ்ச நெஞ்சு பதறாத ஆள் குறைவு, தீவாளி வெடிச் சத்தத்துக்கு விறைச்சுப் போற ஆக்கள் கல்முனைப் பக்கமும் இருக்காங்க, வாழைச்சேனைப் பக்கமும் இருக்காங்க. அத குணம் எண்டு சொல்லக்கூடாது, அவங்க பட்டது அது.

கவலை லேசாப் பத்தி கனநேரம் நிண்டு, சந்தோசம் உடனே அணைஞ்சு போற ஆக்கள்ட்ட மனச்சோர்வும் பதகளிப்பும் கூடக் காணப்படுது எண்டு ஆய்வுகள் சொல்லுது. ஸ்கோர் கூடினா நோய் எண்டு அர்த்தமில்ல, ஆனா கவனிக்கணும். மற்றப் பக்கமும் இருக்கு. கடும் மனச்சோர்வுல சில ஆக்களுக்கு ரெண்டுமே மழுங்கிப் போகும், நல்லதுக்கும் அசையாது கெட்டதுக்கும் அசையாது, கொப்பி முழுக்க 1, 2 எண்டே இருக்கும். "ஆள் இப்ப அமைதியாயிட்டார்" எண்டு வீட்டுல சந்தோசப்படுவாங்க. அந்த இடத்துலதான் நான் சரியாப் பயப்படுறன்.

ரெண்டு கிழமையா அனேகமான நாள் மனசு விட்டுப் போய், நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் குழம்பினா கொப்பியோட மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்க, அல்லாட்டி பக்கத்து ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் எந்த நாள் எண்டு விசாரிங்க. சாகணும், உடம்பைக் காயப்படுத்தணும் எண்ட நினைப்பு ஒருக்கா வந்தாலும் 14 நாள் அளந்துகொண்டு இருக்காதீங்க, 1926க்கு உடனே கோல் எடுங்க, அது தேசிய மனநல உதவி இலக்கம், ராவு பகல் எப்பவும் எடுக்கலாம்.