விர்ச்சுவல்பாக்ஸ் மக்கர் பண்ணுகிறதா? முதலில் ஆமை இருக்கிறதா என்று பாருங்கள்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உபுண்டு போடலாம்னு பார்த்தா லிஸ்ட்ல 32 பிட் மட்டும்தான் காட்டுது, 64 பிட்டே இல்ல." கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை அவன் மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான், பெரும்பாலும் பலனும் இருக்காது. கோளாறு அநேகமாக விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருப்பதில்லை, அதற்கு அடியில் ஓடும் உங்கள் சொந்தக் கணினியில் இருக்கிறது. அதனால் கீழிருந்து மேலாகப் போவோம். நான் சொல்வது விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 போட்டு, அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டுகிறவர்களுக்கு.

1. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி திறந்திருக்கிறதா?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்குங்கள். கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். 'டிஸேபிள்டு' என்று இருந்தால் அக்கா மகன் கதைதான், 64 பிட் காட்டாது, இல்லாவிட்டால் வி.எம். (விர்ச்சுவல் மெஷின், அதாவது உள்ளே ஓடும் அந்தக் கணினி) கிளம்பும்போதே பிழைச்செய்தி வந்து நின்றுவிடும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்து, லோகோ தெரியும்போது எஃப்2, எஃப்10 அல்லது டிலீட் விசையைத் தட்டி (இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்புவதற்கு முன் வரும் கணினியின் அடிப்படை செட்டிங் திரை) போங்கள். இன்டெல் சிப் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்றும், ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்றும் இருக்கும். ஆன் செய்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட லேப்டாப் என்றால் பயாஸில் கைவைத்த பிறகு ரெக்கவரி கீ கேட்கக்கூடும், அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆமை

வி.எம். ஓடுகிறது, ஆனால் மவுஸை அசைத்தால் அரை நிமிடம் கழித்துத்தான் நகர்கிறது. அப்படியென்றால் வி.எம். ஜன்னலின் கீழ் வலது மூலையில் வரிசையாக இருக்கும் சின்னப் படங்களைப் பாருங்கள். அதில் பச்சை ஆமை இருக்கிறதா? நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஆமைப் படம்தான் போட்டிருக்கிறார்கள். விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே சிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம்.

ஸ்டார்ட் மெனுவில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று தேடித் திறந்து, ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக் எடுத்துவிடுங்கள். பிறகு ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கணினியில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான், மாற்றம் முழுதாக ஏறாது.

அப்புறமும் ஆமை போகவில்லையா? விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டிக்குள் 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆன் ஆகி இருக்கும். அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் ஆமை போகும், கூடவே பாதுகாப்பும் ஒரு படி குறையும். படிக்க மட்டும் வி.எம். வேண்டும், வேகமும் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது என்றால் நான் அதைத் தொடமாட்டேன். டாக்கர், டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துகிறவர்கள் மேலே சொன்ன மூன்று டிக்குகளையும் எடுக்காதீர்கள், அவை நின்றுபோகும்.

3. ராம் ஆசை

நான் முதன்முதலில் செய்த கூத்து இது. 8 ஜிபி லேப்டாப்பில் உபுண்டுக்கு 6 ஜிபி தூக்கிக் கொடுத்தேன், நிறையக் கொடுத்தால் பறக்கும் என்று நினைப்பு. உபுண்டுவும் நின்றது, விண்டோஸும் நின்றது. பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். 4 ஜிபி ராம், 2 கோர், 25 ஜிபி டிஸ்க் போதும். திரை கறுப்பாகவே நின்றால் டிஸ்ப்ளே செட்டிங்கில் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்கி, 3டி ஆக்ஸலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

4. டெர்மினல் திறக்கவில்லை, சூடோ வேலை செய்யவில்லை

இது 7.0 பதிப்பு வந்த பிறகு பலரைப் படுத்தும் விஷயம். புது வி.எம். உருவாக்கும்போது ஐஎஸ்ஓ கோப்பை (உபுண்டுவின் நிறுவல் கோப்பு) காட்டியதும், விர்ச்சுவல்பாக்ஸ் தானே உபுண்டுவை நிறுவித் தருகிறேன் என்று கிளம்பிவிடும். அதன் பெயர் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை) இருக்காது, சில உபுண்டு பதிப்புகளில் டெர்மினலைச் சொடுக்கினால் சுற்றிச் சுற்றிக் காணாமலும் போய்விடும். ஒன்றொன்றாகச் சரிசெய்யலாம்தான், ஆனால் இப்போதுதான் நிறுவினீர்கள் என்றால் வி.எம்.மை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதே சுலபம். இந்த முறை ஐஎஸ்ஓவைக் காட்டும் பக்கத்தில் 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' என்பதை டிக் செய்யுங்கள். உங்கள் பதிப்பில் அது 'ப்ரொசீட்' என்று ஆரம்பித்தால் டிக்கை எடுத்துவிட வேண்டும், வார்த்தையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

5. சின்னத் திரை, திறக்காத ஃபோல்டர்

திரை சின்னதாகவே இருந்தால் கெஸ்ட் அடிஷன்ஸ் (வி.எம்.முக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) இல்லை என்று பொருள். முதலில் உபுண்டுக்குள் ஜிசிசி, மேக், பெர்ல் மூன்றையும் நிறுவுங்கள், இதைத் தவறவிட்டுத்தான் பலருக்குப் பாதியில் பிழை வருகிறது. பிறகு டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' என்பதைச் சொடுக்கி, வரும் சிடியிலிருந்து ஓட்டுங்கள். ஷேர்டு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தும் 'பெர்மிஷன் டினைட்' என்றால், உங்கள் பயனரை வி-பாக்ஸ்-எஸ்எஃப் (vboxsf) என்ற குழுவில் சேர்த்துவிட்டு வி.எம்.மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிளம்பவில்லையா? வி.எம். பெயரில் வலது சொடுக்கு, 'ஷோ லாக்'. அதன் அடிப்பகுதியில் 'வெர்' (VERR) என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் நீளமான சொல் ஒன்று இருக்கும், அதை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் அந்த லாக் கோப்பை முழுசாக அனுப்புங்கள், மொபைலில் திரையைச் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அக்கா மகன் அப்படி அனுப்பிய படத்தில் எனக்குத் தெரிந்தது டியூப்லைட் மட்டும்தான்.