யானை–சிப்பாய் முடிவாட்டத்தில் வெற்றிக்கு வழி: பாலம் கட்டும் முறை

சதுரங்கத்தின் இறுதிக்கட்டத்தில் இரு தரப்பிலும் ராஜாவும் ஒரு யானையும் மட்டும் மிஞ்சி, நம்மிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டம் டிராவில் முடிவதற்கு, எதிராளியின் ராஜாவை ஒதுக்கி வைக்காமல் சிப்பாயை அவசரமாகத் தள்ளுவதே பெரும்பாலும் காரணமாகிறது. சிப்பாயின் பாதையில் எதிரி ராஜா வந்து நின்றுவிட்டால், 1777-இல் பிரெஞ்சு சதுரங்க வீரர் பிலிடோர் விளக்கிய தற்காப்பு முறை அவருக்குக் கிடைத்துவிடும்: தம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்தி நம் ராஜாவை முன்னேறவிடாமல் தடுப்பார், நாம் சிப்பாயை அவ்வரிசைக்குத் தள்ளியதும் யானையை நம் பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருப்பார்.

ஆகவே முதலில் நம் யானையைக் கொண்டு எதிரி ராஜாவைச் சிப்பாய் இருக்கும் நெடுவரிசையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். பின்னர் நம் ராஜாவின் துணையோடு சிப்பாயை ஏழாவது வரிசை வரை கொண்டு சென்றால் கிடைப்பதே லுசேனா நிலை. (ஸ்பானிய சதுரங்க நூலாசிரியர் லுசேனாவின் பெயரைத் தாங்கினாலும், 1497-இல் வெளியான அவரது நூலில் இந்த நிலை இல்லை, 1634-இல் வந்த இத்தாலியர் சால்வியோவின் நூலில்தான் இது காணப்படுகிறது.)

பலகையில் காய்களை அடுக்கிக்கொள்ளுங்கள் (எழுத்து நெடுவரிசையையும், எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசையையும் குறிக்கும்). வெள்ளை ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா ஈ7, யானை ஹெச்2. நகர்த்த வேண்டியது வெள்ளை. ராஜா வெளியே வந்தால்தான் சிப்பாய் ராணியாக முடியும். ஆனால் எஃப்7 கட்டத்தைக் கறுப்பு ராஜாவும், ஹெச்7 கட்டத்தைக் கறுப்பு யானையும் அடைத்து நிற்கின்றன.

முதலில் யானையை ஈ1-க்கு நகர்த்திச் செக் வைக்க வேண்டும். கறுப்பு ராஜா டி7-க்கு விலகும். இப்போது எஃப்7-க்கு வழி திறந்திருந்தாலும் ராஜாவை உடனே நகர்த்தக் கூடாது. கறுப்பு யானையின் செக்குகளிலிருந்து ஒதுங்க இடமின்றி, சிப்பாயையும் கைவிட முடியாமல் அது அலைய நேரும். சரியான நகர்வு, யானையை ஈ4-இல் வைப்பதே. கறுப்பு தன் யானையை ஹெச்1-க்கு நகர்த்திக் காத்திருந்தால், நம் ராஜா எஃப்7-க்கு வருகிறது. கறுப்பு யானை எஃப்1-இல் செக், ராஜா ஜி6. ஜி1-இல் செக், ராஜா எஃப்6. மீண்டும் எஃப்1-இல் செக், ராஜா ஜி5. அடுத்து ஜி1-இலிருந்து செக் வரும்போது, ஈ4-இல் காத்திருந்த யானை ஜி4-இல் குறுக்கே நிற்கிறது; இதுவே ‘பாலம்’. அதற்கு ராஜாவின் பாதுகாப்பு இருப்பதால் செக்குகள் அத்தோடு நின்றுபோய், சிப்பாய் ராணியாகிறது.

யானை ஏன் நான்காம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. ஈ5-இல் வைத்தால் கறுப்பு ராஜா டி6-க்கு வந்து உடனே அதைத் தாக்கும். ஈ3-இல் வைத்தாலோ, ஜி3-இல் குறுக்கே வரும் யானைக்கு ஜி5-இல் உள்ள ராஜாவால் பாதுகாப்புத் தர முடியாது.

ஓரச் சிப்பாய்க்கு (ஏ அல்லது ஹெச் நெடுவரிசையில் உள்ளது) இம்முறை பொருந்தாது. ராஜா ஒரு பக்கமாக மட்டுமே வெளியே வர முடியும் என்பதால், எதிரி ராஜா பல நெடுவரிசைகள் தள்ளி இருந்தால் மட்டுமே அங்கு வெற்றி கிடைக்கும்.