வழியைப் போனில் போட்டால் பேட்டரிக்குத் தெரியாது: மின்சார காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை ஏழரை மணிக்கு என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி கூப்பிட்டார். மின்சார கார் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் நெடும்பயணம்.

"அக்கா, 150 கிலோவாட் சார்ஜர்னு போட்டிருக்கு. 36க்கு மேல ஏறவே மாட்டேங்குது. மிஷின் கோளாறா, கார் கோளாறா?"

"அங்க வர்றதுக்கு வழி எதுல போட்டீங்க?"

"போன்லதான்கா. கூகுள் மேப்ஸ். கார் ஸ்கிரீன்லயே நல்லா தெரிஞ்சுதே."

மிஷினிலும் காரிலும் ஒரு கோளாறும் இல்லை. இந்த ஆண்டில் மட்டும் இதே கேள்வியோடு என்னைக் கூப்பிட்ட நான்காவது ஆள் அவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு சார்ஜர் முன்னால் நின்று அதன்மேல் சந்தேகப்பட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டேட்டா போகாத கேபிளைச் செருகுவது, போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

சார்ஜருக்குப் போகும் வழியைப் போனில் மட்டும் போடுவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். போனைக் காரோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலோ ஆப்பிள் கார்பிளேயிலோ கார்த்திரையில் வரைபடம் தெரியும்போது, காரே வழி சொல்வதுபோல் தோன்றும். உண்மையில் வரைபடம், வழிக் கணக்கு, குரல் எல்லாமே போனுக்குள் நடக்கின்றன. போன் அதை ஒரு காணொளியாகக் காருக்கு அனுப்புகிறது. நாம் திரையைத் தொட்டால் எந்த இடத்தில் தொட்டோம் என்பதைக் கார் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது. எங்கே போகிறோம் என்ற செய்தி பெரும்பாலான கார்களில் பேட்டரியைக் கவனிக்கும் பகுதிக்குப் போய்ச் சேருவதே இல்லை.

பெட்ரோல் காரில் இதனால் எந்த நஷ்டமும் இல்லை. டேங்க் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் பெட்ரோல் ஒரே வேகத்தில்தான் நிரம்பும். லித்தியம் அயான் பேட்டரி அப்படிப்பட்டதல்ல. குளிர்ந்த பேட்டரியின் உள் மின்தடை அதிகம். அந்த நிலையில் பெரிய மின்னோட்டத்தைத் திணித்தால், லித்தியம் எதிர்மின்வாயின் உள்ளே போகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது, பேட்டரியின் ஆயுள் குறையும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் பேட்டரி மேலாண்மை அமைப்பு மின்னோட்டத்தை வெட்டிக் குறைக்கிறது. சார்ஜர் 150 கிலோவாட் தரத் தயாராக இருக்கும், கார்தான் 36 போதும் என்று சொல்லும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ப்ரீகண்டிஷனிங். சார்ஜரை அடையும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியைத் தேவையான வெப்பநிலைக்குக் கார் கொண்டுவந்துவிடும். ஆனால் அதை எப்போது தொடங்குவது என்று காருக்குத் தெரிய வேண்டுமே? பல கார்கள் ஒரே ஒரு குறிப்பை வைத்துத்தான் தொடங்குகின்றன: காரின் சொந்த நேவிகேஷனில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜரைச் சேருமிடமாகப் போட்டிருக்க வேண்டும். வெறும் தெருப் பெயரைப் போட்டால் போதாது, சார்ஜிங் நிலையம் என்று கார் அறிந்து வைத்திருக்கும் இடமாக அது இருக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். பனிக்காலம், வெளியே 2 டிகிரி. இரவு முழுக்கத் திறந்தவெளியில் நின்ற காரை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். அம்மாவும் கூட இருந்தார். முக்கால் மணி நேரத்தில் சார்ஜர் வந்துவிட்டது. பேட்டரி 14 சதவீதம். இருபது நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். திரையில் 31 கிலோவாட் என்று வந்தது. பிளக்கை எடுத்து அடுத்த சார்ஜரில் செருகினேன், அதிலும் 31. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அவர்கள் சார்ஜரை அங்கிருந்தே ஒருமுறை அணைத்துப் போட்டார்கள். மறுபடி 31. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். அம்மாவுக்குக் கால் வலி வந்துவிட்டது. பேட்டரி குளிர்ந்திருக்கிறது என்று அந்தக் காரின் திரையில் ஒரு வரிகூட வரவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது அந்த மௌனத்தின் மேல்தான்.

கணக்காகச் சொன்னால்: 70 கிலோவாட்மணி பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 70க்கு ஏற்ற 42 கிலோவாட்மணி வேண்டும். சராசரி 120 கிலோவாட்டில் அது 21 நிமிட வேலை. சராசரி 40 என்றால் 63 நிமிடம். நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் நிலையமாக இருந்தால் நேரத்தோடு பணமும் மூன்று மடங்கு.

சரி, பாடம் படித்தாயிற்று, இனி காரிலேயே வழி போடுகிறேன் என்று இருந்தேன். இரண்டாவது அடி அப்புறம்தான் விழுந்தது. காரில் சார்ஜரைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பக்கத்தில் இருந்தவர் நெரிசல் இருக்கிறதா என்று பார்க்க, கார்த்திரையில் தெரிந்த போன் வரைபடத்தில் அதே இடத்தைப் போட்டு "தொடங்கு" என்று அழுத்தினார். பல கார்களில் ஒரு நேரத்தில் ஒரு வழிகாட்டிதான் ஓடும். போன் தொடங்கியதும் காருடையது நின்றுவிடும். அதோடு பேட்டரியைச் சூடாக்குவதும் நின்றுவிடும். எனக்கு அது சார்ஜரைச் செருகிய பிறகுதான் தெரிந்தது. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். முதல் தவறைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்கூட இதில் மாட்டுகிறார்கள்.

இப்போது நான் செய்வது இது. இடத்தைத் தேடுவது, சார்ஜர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, மாற்று இடம் குறித்துக்கொள்வது எல்லாம் கிளம்பும் முன்பே போனில். பிறகு கார் நிறுவனத்தின் செயலி வழியாக அந்த இடத்தைக் காருக்கு அனுப்பிவிடுவேன். வரைபடச் செயலியில் "பகிர்" என்பதை அழுத்தி அந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல கார்களுக்கு இருக்கிறது. காருக்குப் போனதும், அது அந்த இடத்தைச் சார்ஜராக அடையாளம் காண்கிறதா என்று திரையில் பார்த்துக்கொள்வேன். புது நிலையம் என்பதால் காரின் வரைபடத்தில் இல்லையென்றால், அதற்கு அருகில் கார் அறிந்த வேறொரு ஃபாஸ்ட் சார்ஜரைப் போட்டுவிட்டு, கடைசி சில கிலோமீட்டரை மட்டும் போனைப் பார்த்து ஓட்டலாம். ஓடும்போது நெரிசலைப் பார்க்க வேண்டுமானால், பக்கத்தில் இருப்பவர் காரோடு இணைக்காத தன் போனில் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாக் காரும் ஒன்றல்ல. சிலவற்றில் ப்ரீகண்டிஷனிங்கைக் கையால் தொடங்கும் பொத்தான் உண்டு. உங்கள் காரில் இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி போயிற்று. டெஸ்லாவில் ஆண்ட்ராய்டு ஆட்டோ கிடையாது, வழி காரிலேயே போடுவதால் இந்தச் சிக்கல் எழாது. போல்ஸ்டார் 2 போல கூகுள் மேப்ஸையே காருக்குள் வைத்து வரும் வண்டிகளில் வரைபடத்துக்குப் பேட்டரி நிலவரம் தெரியும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், போனிலிருந்து வரும் கூகுள் மேப்ஸும் காருக்குள்ளேயே இருக்கும் கூகுள் மேப்ஸும் வேறு வேறு. வாங்கும் முன் கடைக்காரரிடம் இதைக் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயம். சூடாக்க நேரம் பிடிக்கும். கடுங்குளிரில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், சார்ஜர் பக்கத்தில் வந்தபின் போடுவதால் பெரிய பயனில்லை. இருப்பு மிகக் குறைந்துவிட்டால் சில கார்கள் சூடாக்கவே மாட்டா, அதனால் 5 சதவீதம் வரை இழுக்க வேண்டாம். மிதமான வானிலையில் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி வந்த பேட்டரி ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும், அப்போது வித்தியாசம் குறைவு. வீட்டில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றுவதற்கு இது எதுவும் தேவையில்லை.

தம்பி திரும்பி வரும்போது காரிலேயே வழி போட்டார். அதே சார்ஜர், 118 கிலோவாட் என்று படம் எடுத்து அனுப்பினார்.

போன் சொல்லும் "போய்ச் சேரலாம்" என்பதை அப்படியே ஏற்பது

காரிலிருந்து தகவல் வராதவரை, உங்கள் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. ஆப்பிள் மேப்ஸும் கூகுள் மேப்ஸும் சில கார்களிடமிருந்து மட்டும் அதைப் பெறுகின்றன. ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ அவற்றில் ஒன்று. மற்றக் கார்களுக்கு எ பெட்டர் ரூட் பிளானர் போன்ற செயலி உதவும். ஆனால் அதிலும் கார் மாடலைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, கிளம்பும்போதுள்ள சதவீதத்தை நீங்களே போட வேண்டும். காரின் ஓபிடி துளையில் (மெக்கானிக் சோதனைக் கருவியைச் செருகும் இடம்) ஒரு சிறு ப்ளூடூத் டாங்கிளைச் செருகி நேரடித் தகவல் கொடுத்தால் கணக்கு இன்னும் நெருங்கி வரும்.

வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது ஏற்றத்தில். 1,800 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏறினால், சாலையில் ஓடும் செலவு போக, தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 5 கிலோவாட்மணி போகும். இறங்கும்போது ரீஜெனில் (மோட்டாரே பிரேக்காக நின்று மின்சாரம் ஆக்குவது) ஒரு பகுதி திரும்பும். ஆனால் மலைமேல் 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால் அதைச் சேர்த்து வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது. வேகமும் அப்படித்தான். 90இலிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

நான் கிளம்பிய 30 கிலோமீட்டரில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பேன். செயலி சொன்ன சதவீதத்தைவிட 3 குறைந்திருந்தால் வேகத்தைக் குறைப்பேன். அப்போது சரிசெய்வது எளிது. கடைசி 30 கிலோமீட்டரில் தெரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

எஞ்சின் வகையை மாற்றாமல் விடுவது

கூகுள் மேப்ஸில் எரிபொருள் சிக்கன வழிக்கான எஞ்சின் வகை உங்கள் ஊரில் இருந்தால், அது பெரும்பாலும் பெட்ரோலிலேயே நிற்கும். மின்சாரம் என்று மாற்றுங்கள்.

வரைபடத்தில் புள்ளி இருக்கிறது என்று கிளம்புவது

புள்ளி இருப்பதால் மட்டும் உங்கள் காரில் அது செருகும் என்று ஆகாது. சிசிஎஸ்2, சாடெமோ, டைப் 2, நாக்ஸ் என்று பிளக்கில் பல வகை உண்டு. செயலியின் வடிகட்டியில் உங்கள் காருக்கு உரியதை மட்டும் வைத்துவிடுங்கள். அதில் கிலோவாட்டுக்கும் ஒரு கீழ் எல்லை வையுங்கள். மெதுவாக ஏற்றும் 22 கிலோவாட் ஏசி புள்ளியும் வேகமாக ஏற்றும் 150 கிலோவாட் டிசி புள்ளியும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் நிற்கும்.

பிளக்‌ஷேரில் (ஏற்றியவர்களே பதிவு போடும் செயலி) கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாக ஏற்றினார்கள் என்று பார்க்கலாம். மூன்று மாதமாக ஒருவரும் பதிவு செய்யவில்லை என்றால் அந்த இடத்தை நம்பி 8 சதவீதத்தோடு போகாதீர்கள். நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் செயலியை வீட்டிலேயே இறக்கி, கணக்கு தொடங்கி, கட்டண அட்டையைச் சேர்த்து வையுங்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில் கடவுச்சொல் குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பது மிகவும் கொடுமை.

நெடும்பயணம் முழுக்க வயர்லெஸ்

போனுக்கும் காருக்கும் இடையிலான வயர்லெஸ் இணைப்பு ப்ளூடூத்தில் தொடங்கி வைஃபையில் ஓடுகிறது. போன் ஒரே நேரத்தில் ஜிபிஎஸ் கேட்கிறது, காணொளி அனுப்புகிறது, இணையத்திலும் பேசுகிறது. அதை வயர்லெஸ் சார்ஜிங் தட்டிலும் வைத்து, மேலே வெயிலும் அடித்தால் சூடாகாமல் என்ன செய்யும்? ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மூடிய காரின் முகப்பில் வெயில் நாளில் அதைத் தாண்டிவிடும். சூடானதும் போன் முதலில் தன் சார்ஜிங்கை நிறுத்தும், பிறகு வேகத்தைக் குறைக்கும், நடுவழியில் இணைப்பும் அறுபடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் கேபிளைச் செருகி, போனை நிழலில், ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள்.

ஆஃப்லைன் வரைபடம் இல்லாமல் மலைக்குப் போவது

சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும் வரைபடத்தை இறக்கி வைப்பது வீட்டு வைஃபையில் இரண்டு நிமிட வேலை. செய்துவிடுங்கள்.

ஓடும் காரின் திரையில் வீடியோ காட்டும் பெட்டிகளைச் செருகுவது

கூடாது.

கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு அப்டேட் போடுவது

காருக்கும் சரி, போனுக்கும் சரி, ஒரு வாரம் முன்னதாகப் போட்டுவிட்டு ஊருக்குள் நாலு தடவை இணைத்துப் பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இணையாமல் போனால், இரண்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.